கால் முளைத்த மூளை

போன வருடம் ஜீவராணியைக் குளவி கொட்டியது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற எவளைத்தான் கொட்டவில்லை? வீங்கும், தோட்டத்தையே திட்டிவிட்டு மறுபடி மலை ஏறுவோம். இவளுக்கு மூச்சே நின்று வந்தது. இன்னொரு தடவை கொட்டினால் ஆள் தப்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றோடு கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள். புருஷன் கொழும்பில் ஏதோ கடையில் நிற்கிறான். ஞாபகம் வந்தால் ஃபோன் எடுப்பான்.

லயத்து வரிசை வீட்டில் அவள் பக்கத்துக் காம்பரா நான். புருஷன் செத்தவள், வாய் மட்டும் சாகாதவள். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் அவள் வாசலுக்கு வந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"போகப் போறியாடி?"

"சந்தியில கடை போடப் போறேன் பெரியம்மா. டைப் அடிக்க, போட்டோகாப்பி எடுக்க. அது சரி வரல்லன்னா போய்த்தான் ஆகணும். தயானிய நீங்கதான் பாத்துக்கணும்."

தயானி அவள் மகள். தாய் இல்லாத பெண்பிள்ளை லயத்தில் எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும்.

யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. இடி விழுந்ததில் உள்ளே கருகிவிட்டது. பெட்டியும் திரையும் தப்பின. பிராசசர் என்கிற மூளையும், மூளை உட்காருகிற போர்டும் வாங்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடை திறக்க நாள் குறித்துவிட்டு, துணைக்கு என்னையும் பதுளைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே கம்ப்யூட்டர்ச் சாமான் விற்கிற இரண்டு கடை, எதிரும் புதிருமாக. முதலில் றஹீம் கடைக்குப் போனோம்.

"எந்த மூள நல்லம் நானா?" என்று ஜீவராணி கேட்டாள்.

"இன்டெல்ல எடுங்க தங்கச்சி. பழகின சாமான், கண்ண மூடிட்டு எடுக்கலாம்."

ரோட்டைத் தாண்டினோம். அங்கே ஸப்வான் கடை.

"ரைசன் எடுங்க. இந்த வெலைக்கு இதான் வேகம். திரையில படம் காட்டத் தனிச் சாமான் தேவயில்ல."

இரண்டும் ஒரே வேலை செய்யுமாம், இரண்டும் விலை குறைந்ததாம், ஒன்றை ஒன்று மிஞ்சுமாம். எனக்குத் தலை சுற்றியது. ஜீவராணி முகத்தில் அதைவிடச் சுற்றல்.

தீபாவளிக்குச் சேலை ஒரு கடையில், வேட்டி எதிர்க் கடையில் எடுப்பதுதான் எங்கள் வழக்கம். நாளைக்கு இரண்டு பேர் முகத்திலும் முழிக்க வேண்டுமே! "போர்டை றஹீம்கிட்ட எடு, மூளைய ஸப்வான்கிட்ட எடு. அங்க எடுத்தத இங்க சொல்லாத," என்றேன். ஸப்வான் கடையில் "இது எந்த போர்டுக்கு..." என்று வாயைத் திறந்தாள். இடுப்பில் கிள்ளினேன். மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், மூளைக்குக் கீழே பொடிப்பொடியாய்க் கால். போர்டிலும் அதே மாதிரி கால். கால் மேல் கால் எப்படி உட்காரும்?

"இது வேற சாதி, அது வேற சாதி பெரியம்மா. ஒரு கம்பெனி கேஸ் தல இன்னொரு கம்பெனி சிலிண்டருக்குப் பூட்டாதுல்ல, அது மாதிரி."

"ரெண்டுலயும் நெருப்புத்தானடி எரியுது? பெறகு என்னத்துக்கு வேற வேற தல?"

ஜீவராணி இரண்டையும் பெட்டியில் போட்டு மூடினாள். தயானியைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. திரும்பவும் பதுளை.

"பிரிச்ச பெட்டிய திருப்பி எடுக்க ஏலாது," என்றார் றஹீம். ஸப்வானும் அதையே சொன்னார். எடுத்தால் எடுத்தவருக்கு நட்டம், எதிரிக்கு யாவாரம். பிறகு எவன் எடுப்பான்? நான் ரோட்டில் நின்று இரண்டு கடையையும் பொதுவாகத் திட்டினேன்.

"பெரியம்மா, வாய மூடுங்க," என்றாள் ஜீவராணி. இத்தனை வருடத்தில் என்னை எதிர்த்து அவள் பேசிய முதல் பேச்சு. நேராக ஸப்வான் கடைக்குள் போனாள், நானும் பின்னாலேயே.

"போர்டு எதிர்க் கடையில எடுத்தேன் நானா. ஒளிச்சது எங்க பெழதான். ரெண்டுல ஒண்ணத் திருப்பித்தான் ஆகணும். மூளைய நீங்க எடுத்துக்கிட்டா, போட்டோகாப்பி மெஷின ஒங்ககிட்டத்தான் தவணைக்கு எடுப்பேன். இல்லன்னா போர்டை அவர்கிட்ட குடுத்துட்டு மெஷினையும் அவர்கிட்டயே எடுப்பேன்."

ஸப்வான் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்தம்மாவ வெளிய வெச்சிட்டு நீங்க மட்டும் முதல்லயே வந்திருக்கலாமே," என்று மூளையை வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கொதித்தது. ஜீவராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், கிள்ளவில்லை. அந்தக் காசுக்கு றஹீம் தன் போர்டுக்குப் பொருந்துகிற மூளையைக் கொடுத்து, தானே பூட்டிக் காட்டினார்.

கடைசியில் மூளையும் போர்டும் றஹீமுக்கு, மெஷின் ஸப்வானுக்கு, ஆளுக்குப் பாதி யாவாரம். நான் சொன்னதும் அதுதானே? சொன்னால் சிரிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சந்திக் கடையில் திரை வெளிச்சமாய் எரிந்தது. இரண்டு மூளையில் எது உசத்தி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மத்தியானம் அந்தக் குவைத் ஏஜென்ட் கடைக்கே வந்து பாஸ்போர்ட் பேச்சை எடுத்தான். ஜீவராணி அவன் கையிலிருந்த அவனுடைய ஐடென்டி கார்டை வாங்கி, இரண்டு பக்கமும் போட்டோகாப்பி எடுத்து, அவனிடமே காசை வாங்கிக் கல்லாப் பெட்டியில் போட்டாள்.

"அடுத்த ஆளு வாங்க," என்றாள்.