ஃபீட்டேவைக் கேட்ட ஒரே ஆள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் ஒரு வார்த்தை கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அன்று நான் நிரப்பிய படிவம் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

வடகடலோரம் இருக்கிற எங்கள் ஊர் நாய்க் காப்பகத்துக்கு ஃபீட்டே வந்து நான்கு வருடம். கடல் அணைக்கரையில் தனியாகத் திரிந்தவனைப் பிடித்து வந்தார்கள். கறுப்பு, கிழடு, ஒரு காது கிழிசல். வருகிறவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டி நேராகக் குட்டிகளிடம் போவார்கள். "போட்டோல மூஞ்சியே தெரியலையே" என்று சிரிப்பார்கள். பதினாறு முறை விளம்பரம் கொடுத்தேன். ஒருத்தராவது கேட்க வேண்டுமே! எரிச்சலில் எனக்குத் தலைவலியே வரும். இத்தனைக்கும் அவனிடம் ஒரே ஒரு குறைதான். கதவைச் சாத்தினால் அழுவான்.

டிசம்பர் 11, காலை. எங்கள் பொறுப்பாளர் ஹில்கா போனை வைத்துவிட்டுக் கத்தினாள்.

"அடியே தியாடா, உன் கறுப்பனைக் கேட்டு ஒருத்தர் போன் பண்ணாருடி!"

"விளையாடாத."

"சத்தியமா. பேரு ஒக்கோ. அணைக்கரையில கடைசி வீடு. போய்ப் பாத்துட்டு வா."

நாயைக் கொடுக்கும் முன் வீட்டை நேரில் பார்க்க வேண்டும். அது எங்கள் விதி.

மாலை 4.05. எங்கள் பக்கம் டிசம்பரில் அதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். நான் மணியை அடிக்கும் முன்பே கதவு திறந்தது. ஒக்கோவுக்கு எழுபது வயது இருக்கும்.

"வாங்கம்மா. டீ போட்டு வச்சிருக்கேன்."

கோப்பையில் கற்கண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றினார். சூடு பட்டதும் கற்கண்டு பட் பட்டென்று வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது.

அன்று... சத்தமே இல்லை.

ஒரு வாய் குடித்தேன். பச்சைத் தண்ணீர் போல் ஜில்லென்று இருந்தது. மூன்று கோப்பையாவது குடிப்பது எங்கள் ஊர் வழக்கம்; மரியாதைக்காக மூன்றையும் குடித்தேன். போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டேன்.

படிவத்தை நிரப்பினேன். வேலி இருக்கிறது. படிக்கட்டு இல்லை. தரையில் கிண்ணம் நிறையத் தண்ணீர். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் கீழ்ப்பாதி முழுக்க... நகக் கீறல்கள்.

"முன்னாடி நாய் வளத்தீங்களா?"

"ஒரே நாய்தான்."

"செத்துடுச்சா?"

"இல்ல."

4.40. எழுந்தேன்.

"எப்ப கூட்டிட்டு வருவீங்க?"

"சனிக்கிழமை. கையெழுத்து வேலையெல்லாம் இன்னும் இருக்கு."

"இன்னைக்கே வேணும்."

"விதி விடாதுங்க."

"சரி... நானே கூட்டிக்கிறேன். இனிமே கதவைச் சாத்த மாட்டேன்."

கதவைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

5.15. காப்பகம். ஹில்கா வாசலிலேயே நின்றாள்.

"ஃபீட்டேவைக் காணோம்டி."

அவன் கூண்டு பூட்டியபடியே இருந்தது. படுக்கை இன்னும் சூடாக இருந்தது.

5.50. இருவரும் அந்த வீட்டுக்கு ஓடினோம். விளக்கில்லை. வாசல் கதவு திறந்திருந்தது.

டார்ச் அடித்தேன்.

எங்கும் தூசி... ஒட்டடை...

மேஜையில் ஒரு கோப்பை. உள்ளே கரண்டி.

கிண்ணத்தில் பாதித் தண்ணீர்தான்.

படுக்கையறைக் கதவு...

விரியத் திறந்திருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் வெளிச்சத்தைப் பார்த்து வந்தார். "ஒக்கோவா? அவர் போய் நாலு வருஷமாச்சே! அந்த ரூமைச் சாத்திக்கிட்டுப் படுத்தவர், எழுந்திரிக்கல. மூணு நாளா நாய் வெளிய நின்னு கதவைப் பிறாண்டியிருக்கு. ஆளுங்க வந்து வாசக் கதவை உடைச்சப்ப மிரண்டு ஓடிச்சு. கறுப்பு நாய். அப்புறம் யாரும் பாக்கல."

ஃபீட்டே இன்றுவரை கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். நான்கு வருடம், பதினாறு விளம்பரம். உயிரோடு இருக்கிற ஒருத்தர் கூட அவனைக் கேட்கவில்லை.

படிவத்தின் கடைசிக் கேள்வி, 'இந்த வீட்டுக்கு நாயைக் கொடுக்கலாமா?' கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது நான்தான்.