ஆளுக்கு நாலு மாத்திரை

எங்க மைனி ஜுபைதா பீவியும் நானும் சண்டை போடாத நாளே கிடையாது, அதை முதல்லயே சொல்லிருதேன். எங்கூடப் பொறந்த காக்கா அசன் மைதீனுக்கு வாழ்க்கைப்பட்டு மேலப்பாளையத்துக்கு வந்த மறுநாளே, பொண்ணு வீட்டுச் சீர்ப் பலகாரத்தை யாரையும் கேக்காமத் தெரு பூரா பங்கு வச்சவ அவ. வீட்டுக்கு ஒரே நாத்தனா நான். எனக்கும் எதிர்த்த வீட்டுக்காரிக்கும் ஒரே அளவு! வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம். "ஏன் மைனி, சொந்தத்துக்கும் அசலுக்கும் வித்தியாசம் கிடையாதா?"ன்னேன். "எல்லாருக்கும் ஒரே வாயிதானட்டி"ன்னுட்டுப் போயிட்டா.

அவ சுபாவமே அப்படித்தான். அடுத்தவங்களுக்குச் சேர வேண்டிய பங்கு, அவிய ஹக்கு, ஒரு துளிகூடத் தன் வீட்டுல தங்கிரக் கூடாதுன்னு கிடந்து பதறுவா. குர்பானிக் கறியை அவ கூறு போட்டா ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாவ. தராசு வேண்டாம், அந்தச் சோத்துக் கை போதும். பெரிய யாவாரிங்க வீட்டுலேர்ந்துகூட ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாவ. எனக்குப் பொறாமையாவும் இருக்கும், பெருமையாவும் இருக்கும்.

அவ மவன் அனஸ் துபாய்ல இருக்கான். அவன் லீவுல வந்து பெட்டி பிரிக்கிற அன்னைக்கு வீட்டுல கால் வைக்க இடம் இருக்காது. சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம் எல்லாம் போவ, ஒரு பை நிறைய மாத்திரை இருக்கும். அவன் ரூம்ல கூட இருக்கிற பயலுவ இன்சூரன்ஸ்ல வாங்கித் தின்னது போவ மிச்சம் வச்சது. காய்ச்சலுக்கு, தொண்டைக்கு, புண்ணுக்குன்னு எல்லாம் ஆன்டிபயாடிக். மைனி கத்திரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டி, ஆளுக்கு நாலுன்னு தெருவுக்கே குடுப்பா. முழு அட்டையை ஒருத்திக்கே குடுத்தா மத்தவ மனசு என்ன பாடு படும்? நாலு தின்னாக் காய்ச்சல் விட்டுருது, பிறகு எதுக்கு மிச்சம்னு கேப்பா. நாங்களும் ஃபாரின் மாத்திரைன்னு வாங்கிப் பீரோவுல பத்திரமா வச்சிருப்போம்.

போன வருசம் நோம்பு சமயம். அக்கம் பக்கத்துக்கும் சேத்துக் காய்ச்சுன கஞ்சிப் பானையை அடுப்புலேர்ந்து எறக்கும்போது பிடிதுணி வழுக்கிட்டு. கொதிக்கக் கொதிக்க அவ்வளவும் அவ வலது கையில. கஞ்சி என்ன தண்ணியா, வழிஞ்சு ஓடுததுக்கு? ஒட்டிக்கிட்டே வேவும். விரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் தோலு வழண்டுட்டு. ஆசுபத்திரிக்கு வாங்க மைனின்னு நான் கத்துதேன். "பெருநாள் கழியட்டும், வீடு நிறைய வேலை கிடக்கு"ங்கா. மேல துபாய்க் களிம்பு. உள்ளுக்கு இந்த அட்டையில ரெண்டு, அந்த அட்டையில ரெண்டு. வலி கொறஞ்சா நிப்பாட்டிருவா. கூடுனா வேற கலர்ல ஒண்ணை எடுப்பா.

பெருநாள் முடிஞ்சு கையில சுத்தியிருந்த துணிக்கட்டை அவுத்துப் பாத்தேன். பச்சையாச் சீழு, தாங்க முடியாத நாத்தம். உடம்பு கொதிக்குது, பேச்சு குழறுது. சவத்த, இனி இவகிட்ட என்ன பேச்சுன்னு ஆட்டோவைக் கூப்பிட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கன ரீபான்னு ஒரு டாக்டரம்மா, திசையன்விளைக்காரவ. புண்ணுலேர்ந்து சீழைத் தொட்டு எடுத்து லேபுக்கு அனுப்புனாவ. ரிப்போர்ட் வந்ததும் காக்காவையும் என்னையும் தனியாக் கூப்பிட்டாவ. "இந்தக் கிருமி நாங்க வழக்கமாக் குடுக்கிற மருந்து எதுக்கும் அசையல. ஒரே ஒரு ஊசி மருந்துக்குத்தான் கேக்கும் போல இருக்கு. அதையும் கிட்னியைப் பாத்துப் பாத்துத்தான் போடணும். அது கேட்டுட்டா கை தப்பும். இல்லன்னா உசுரைக் காப்பாத்துததுக்காவக் கையை எடுக்க வேண்டி வரும்"ன்னாவ.

காக்கா அப்படியே பெஞ்சில உக்காந்துட்டாவ. மெதுவா, "கையை எடுத்தா அதைக் கொண்டுபோய் அடக்கணும்லா? பள்ளியாசல்ல சொல்லி வைக்கணுமா?"ன்னு எங்கிட்ட கேட்டாவ. யா அல்லா! "என்ன பேச்சு பேசுதிய காக்கா! ரெண்டு கையோடதான் மைனிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்"ன்னு அவியளைச் சத்தம் போட்டுட்டு, தண்ணிக் குழாய்ப் பக்கம் போய் நின்னு நான் அழுதேன்.

மைனியைத் தனி ரூம்ல போட்டாவ. கூட ஒரு ஆளுதான் இருக்கலாம், அதுவும் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கிட்டு. அந்த ஆளு நான். கிருமி கை வழியாத்தான் ஊர் சுத்தும்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. ஆனா எங்க சனம் சும்மா இருக்குமா? நோய் விசாரிக்கிறது கடமைன்னு ஒரு வேன் நிறைய வந்து எறங்கிட்டு. வாசல்ல நின்னுக்கிட்டு, "துஆவை வீட்டுலேர்ந்தே கேளுங்க, அல்லாவுக்குக் கேக்கும்"ன்னு அம்புட்டுப் பேரையும் விரட்டுனேன். ஊரே ஏசுன என் வாய்க்கு அன்னைக்குத்தான் ஒரு வேலை வந்துச்சு.

என்னென்ன மருந்து தின்னியன்னு டாக்டரம்மா கேட்டதுக்கு, மைனி பெருமையா அனஸ் கொண்டு வந்த மாத்திரைக் கதை பூராத்தையும் சொன்னா. டாக்டரம்மா தலையில கை வச்சுக்கிட்டாவ. "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், வேற வழியாவும் வந்திருக்கலாம். ஆனா அரைகுறையாத் தின்னா எளச்ச கிருமி சாவும். வலுத்தது தப்பிச்சு, அதோட பிள்ளைகுட்டி எல்லாம் மருந்துக்கு அடங்காமப் பெருகும்"ன்னாவ. மைனி சரி சரின்னு தலையாட்டுனா. எனக்குத் தெரியாதா, ஒரு வார்த்தைகூட அவ மண்டைக்குள்ள ஏறல.

ஊசி மருந்து ஏற ஏறக் காய்ச்சல் எறங்குச்சு. சீழு வத்திச்சு. சாயா வேணும்னு கேட்டா. அப்பவே எனக்குப் பாதி உசுரு திரும்பி வந்துட்டு. அடுத்த ரூம்ல கிரேஸின்னு ஒரு பிள்ளை, கடக்கரை ஊர்க்காரி, கல்யாணமான புதுசு. அடுப்பு வெடிச்சு வந்தவ. அவளுக்கும் இதே கிருமிதானாம். மருந்து வெளியூர்லேர்ந்து வரணும், சாயங்காலம் ஆவும்னு அவ அம்மை அஞ்சலின் வராந்தாவுல ஜெபமாலையை உருட்டிக்கிட்டு இருந்தா. நான் ஒரு மூதி, அதை உள்ள வந்து மைனிகிட்டச் சொல்லித் தொலைச்சேன்.

டாக்டரம்மா வந்ததும் மைனி எந்திரிச்சு உக்காந்துட்டா. "அம்மா, எனக்குத்தான் காய்ச்சல் விட்டுட்டே. இனி எனக்குன்னு உள்ள மருந்துல பாதியை அந்தப் பிள்ளைக்குப் போடுங்க"ன்னா.

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துட்டு. "இன்னும் அதே வேலையத்தான் பாக்குதியளா? பாதி உங்களுக்கு, பாதி அவளுக்குப் போட்டா ரெண்டு பேருக்கும் கேக்காது. கிருமி இந்த மருந்தையும் தோக்கடிச்சிரும். பிறகு உங்க கைக்கும் மருந்து கிடையாது, அவ உசுருக்கும் மருந்து கிடையாது. அவளுக்குள்ளதை நான் வாங்குதேன். உங்களுக்குள்ளதை நீங்க முழுசா முடிங்க!"

மைனி சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதா. "ஒரு பிள்ளை பக்கத்துல முனங்கிக்கிட்டுக் கிடக்கு. எல்லாத்தையும் நான் மட்டும் எப்படிம்மா எடுத்துக்கிடுவேன்?" தோலு வெந்தப்போ அழல, கையை எடுக்க வேண்டி வரலாம்னு பிறகு அவகிட்டச் சொன்னப்போ அழல. அவளை அப்படி நான் பாத்ததே கிடையாது. டாக்டரம்மா பைய அவ தோளைத் தொட்டு, "எடுத்துக்கிடுங்க. அதுதான் அவளுக்கும் நல்லது"ன்னாவ. நர்ஸம்மா வந்து மருந்தை மாட்டுனாவ. மைனி மூஞ்சியைச் செவரைப் பாக்கத் திருப்பிக்கிட்டா. ஆனா கையை நீட்டுனா.

கிரேஸிக்கு மருந்து சாயங்காலமே வந்துட்டு. மைனிக்குத் தொடையிலேர்ந்து தோலெடுத்துக் கையில ஒட்டுனாவ, அல்லா கிருபையில ஒட்டிக்கிட்டு. ரெண்டு கையோடதான் வீட்டுக்கு வந்தா. கிரேஸியும் பிறகு பொழச்சு வீடு போயிட்டா. அஞ்சலின் இப்பவும் மீன் குடுத்து விடுதா.

அனஸ் அடுத்த லீவுல வந்தப்போ பெட்டியில மாத்திரை ஒண்ணு கிடையாது. கொண்டு வரவே கூடாதுன்னு உம்மா உத்தரவு. தெருவுல பேச்சைக் கேட்டியளா? "நோவு வந்த பிறகு ஜுபைதாவுக்குக் கை சுருங்கிட்டு"ங்காவ. எவ அவன்னு நான் கிளம்புனேன். மைனிதான் இழுத்துப் புடிச்சு உக்கார வச்சா. குடுக்க முடியலையேன்னு ராத்தூக்கம் இல்லாமத் தவிச்சிருப்பா, எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு வந்தவகிட்ட எல்லாம், "டாக்டர்ட்ட காட்டு, அவிய குடுக்கிறதை முழுசாத் தின்னு"ன்னே சொன்னா.

போன மாசம் எனக்குத் தொண்டையில சீழு வச்சிட்டு. டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரை குடுத்தாவ. பாதியிலேயே நல்லாயிட்டு. பழக்கம் விடுதா? மிச்சத்தைச் சுருட்டிப் பீரோவுல வச்சேன். மைனி எப்படித்தான் மோப்பம் புடிச்சாளோ, அன்னையிலேர்ந்து காலையும் மாலையும் வந்து நிக்குதா. நான் ஏசுதேன், அவ ஏசுதா, கடைசில முழுங்குதது நான்தான்.

கடைசி மாத்திரை அன்னைக்கு, அவளே அட்டையை வாங்கிப் பிரிச்சா. அந்தக் கையில ரெண்டு விரல் இன்னும் முழுசா மடங்காது. மத்த விரலை வச்சுப் பைய பிதுக்கி எடுத்து, "வாயத் திறட்டி"ன்னா. திறந்தேன். முழுங்கிட்டு, அந்தக் கை வெலகுததுக்குள்ள ரெண்டு கையாலயும் புடிச்சு முத்தம் குடுத்தேன். "கோட்டி புடிச்சவ"ன்னா மைனி. கையை மட்டும் இழுத்துக்கிடல.