சிவக்காத வெள்ளைத்தாள்

புளியறை ஓட்டலில் வேலை போய், குற்றாலத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு பங்களாச் சமையல்காரர், என்னைவிட இளையவர், கேக் சுடும் மின்சார அடுப்பைச் சரிசெய்ய ஆள் தேடினார். இரண்டு நாள் பசி. தெரியும் என்று பொய் சொன்னேன்.

சூட்டை உணரும் பழைய செம்புக் குமிழைக் கழற்றி, அவர் வாங்கி வைத்திருந்த புதியதைப் பொருத்தினேன். அவர் சூட்டின் அளவு காட்டும் முள்ளை நம்புகிறவரல்ல. தன் வழக்கப்படி வெள்ளைத்தாள் ஒன்றை உள்ளே வைத்து நொடிகளை எண்ணினார். சிவக்க வேண்டிய தாள் வெள்ளையாகவே வந்தது.

"குமிழு அடுப்புச் சுவரத் தொடுது அண்ணாச்சி, அதான் சூடு ஏறுமுன்ன கரண்டு நின்னுருது. உங்களுக்கு இந்த வேலை தெரியாதுல்லா?"

"தெரியாது தம்பி."

"அதச் சொல்லுததுக்கென்ன? மொதல்ல சாப்பிடுங்க. பொறவு தள்ளி மாட்டுவோம்."

அடுத்த தாள் சிவந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை தென்காசியில் ஒரு மின்சாமான் கடையில் வேலை கேட்டேன். தெரியுமா என்றார் முதலாளி. தெரியாது என்றேன். சேர்த்துக்கொண்டார்.