புழுவுக்கு ஏர்கான்

பினாங்குப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் நான் பிடித்த வாடகைக் காரின் முன்சீட்டில், பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே மண்புழுக்கள். டிரைவர் வீட்டுக்குப் பின்னால் பப்பாளித் தோல் போட்டு வளர்த்தவை. ஜார்ஜ்டவுனில் தூண்டில் விற்கும் கடைக்குப் போகின்றன. ஏர்கான் காற்று முழுக்க அந்த டப்பாவுக்குத்தான். பின்சீட்டில் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"தம்பி, இந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்புங்களேன்."

"சூடு பட்டா எல்லாம் செத்துரும் லா அண்ணே."

"அப்ப ஜன்னலையாவது இறக்குங்க."

"குளிரு போயிரும் அண்ணே."

வாடகை கொடுப்பது நானா, புழுவா?

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப குளிரு சரியா இருக்கா?" என்று கரிசனமாகக் கேட்கிறார். ஒருவழியாக என் ஞாபகம் வந்ததே என்று வாயைத் திறக்கிறேன்.

அவர் டப்பாவின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்.