சட்டி காலியாகிற வரைக்கும்

"நல்லா அடி தின்னான்"னு யாராவது சிரிச்சுக்கிட்டுச் சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். லஞ்சம் தின்னான்னு சொல்லுங்க, வட்டி தின்னான்னு சொல்லுங்க. என் தலையைத் தின்னாதேன்னு பிள்ளைகளை ஏசுங்க, நானும் ஏசுறவதான். அடியை மட்டும் யாரையும் தின்ன வைக்காதீங்க.

எண்பத்து மூணுல இலங்கையில தமிழாளுங்களத் தேடித் தேடி அடிச்ச கலவரத்துல, நாங்க எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல இருந்தோம். பகல் சோத்துக்கு அப்பா மலையிலேருந்து வந்து உக்காந்த நேரம், கீழ ரோட்டுல ஆளுங்க பொல்லுத் தடியோட வாறாங்கன்னு கத்தினாங்க. லயமே தேயிலைக்குள்ள ஓடிச்சு. பக்கத்து வீட்டு மாமா, தோட்டத்துத் தொரையோட ஜீப்பைக் கூட்டிட்டு வாறேன்னு பங்களாவுக்கு ஓடினாரு. அம்மாவும் நானும் கையைப் பிடிச்சு இழுத்தும் அப்பா மட்டும் எழும்பல. "சோத்துல கை வச்சுட்டுப் பாதியில எழும்புனா அன்னம் சபிக்கும்டி, ரெண்டு வாய் சாப்பிட்டு வாறேன்"னாரு. பாவி மனுசன்! அதுக்குள்ள அவனுங்க வாசலுக்கு வந்துட்டானுங்க.

மொத அடி நெத்தியில விழுந்துச்சு. தட்டுல ரத்தம் சொட்டிச்சு. அடுத்த பொல்லு ஓங்குறப்போ அவனுங்கள்லயே ஒருத்தன் கையை நீட்டி மறிச்சான். கீழ ரோட்டுக் கடைக்காரன், தீவாளிக்கு எங்க வீட்டுல சாப்பிட்டுப் போனவன். சாப்பிடுற மனுசன அடிக்கக் கூடாது, முடிக்கட்டும்னு சிங்களத்துல சொன்னான். எல்லாரும் பொல்லை ஊனிக்கிட்டு நின்னானுங்க.

அம்மாவுக்குப் புரிஞ்சு போச்சு. சாப்பிடுற வரைக்கும்தான் உசுரு, அதுக்குள்ள ஜீப்பு வரணும். அகப்பையால சோத்தை அள்ளி வச்சாங்க. மறுபடியும் வச்சாங்க. என் தட்டுச் சோறும் அவருக்குப் போச்சு. அப்பா ரத்தத்தோட பிசைஞ்சு முழுங்கினாரு. ஓங்கரிச்சுச்சு, அதையும் அடக்கினாரு. சட்டி காலியாச்சு. அம்மா அப்பவும் அகப்பையைப் போட்டுச் சுரண்டினாங்க.

அப்பா கை கழுவல. கழுவாத வரைக்கும் சாப்பாடு முடியலதானே! எச்சக்கையோட அப்படியே உக்காந்திருந்தாரு. கையில சோறு காய்ஞ்சு போச்சு. கடைக்காரன் பொறுத்துப் பாத்தான். அப்புறம் எங்க செம்பை எடுத்து, தீவாளிக்கு அம்மா அவனுக்கு ஊத்தின மாதிரியே, அப்பா கையில தண்ணி ஊத்தினான்.

அதோட பொல்லுங்க எறங்கிச்சு. அப்பா மண்டை ஒடைஞ்ச சத்தத்தை நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். நாசமாப் போவானுங்க, இன்னைக்கும் சொல்றேன், நாசமாப் போவானுங்க.

ஜீப்பு சத்தம் கேட்டதும் அவனுங்க ஓடிட்டானுங்க. அப்பாவுக்கு மூச்சு இல்ல. சோத்துக்கை மட்டும் சுத்தமா இருந்துச்சு. அம்மா இன்னும் சட்டியைச் சுரண்டிக்கிட்டிருந்தாங்க.