மூன்றாம் மாதம் ஒரு பேய்ப்படம்

என் கணவர் இறந்த மூன்றாவது மாதம் நான் பேய்ப்படம் பார்க்கப் போனேன். அதுவும் சிரிப்புப் பேய்ப்படம். எங்கள் வில்லாபுரத்து ஆட்கள் கண்ணில் பட வேண்டாமென்று இரண்டு பஸ் மாறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையம் போய் மேட்னி ஷோ பார்த்தேன். அப்படியும் மாட்டிக்கொண்டேன். இருட்டு முகத்தை மறைத்தது, சிரிப்பை மறைக்கவில்லை. என் சிரிப்பு எங்கள் தெருவுக்கே மனப்பாடம். அங்கே தர்காவுக்கு வந்த எதிர்வீட்டுக்காரி, அப்படியே படத்துக்கும் வந்து இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று நான் கண்டேனா?

அந்தப் படங்களை மட்டம் என்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. மட்டம்தான். பேய்க்குப் பூசிய மாவு கழுத்தோடு நின்றுவிடும். நாற்காலி பறந்தால் கட்டிய கயிறு தெரியும். தெரிந்தும் என் கணவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வெங்காய மண்டியில் அத்தனை பேரையும் அதட்டுகிற மனிதர்! பயந்தது தெரியாமலிருக்க உடனே சிரிப்பார். அதற்குத்தானே கூட்டம் வருகிறது? பெரிய படமென்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இங்கே, "ஏத்தா, பின்னாடி நிக்குது, திரும்பிப் பாரு!" என்று முன்வரிசை கத்தும். "திரும்புனா பேய்தாண்ணே பயப்படும்!" என்று பின்வரிசை பதில் சொல்லும். பாதிப் படத்தை நாங்கள்தான் எடுப்போம்.

வீட்டுக்கு வருகிறவர்களோ வாசலிலேயே முகத்தை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். மூன்று மாதமாக ஒருவரும் என் முன்னால் சிரிக்கவில்லை. இப்படியே போனால் எனக்குச் சிரிப்பே மறந்துவிடும் என்று பயந்தேன். அதனால்தான் போனேன்.

மறுநாள் காலையிலேயே நாத்தனார் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"மதினி, பேய்ப்படத்துக்கா போனீக? தெருவே சிரிக்குது."

"தெரு சிரிக்கலாம், நான் சிரிக்கக் கூடாதாக்கும்?"

"வருசத் தெவசம் முடியட்டும் மதினி. அதுவரைக்கும் பொறுத்துக்கிருங்க. அண்ணனுக்கு நம்ம செய்யிற மரியாதை அம்புட்டுத்தான."

அவள் கெட்டவள் இல்லை. அண்ணனைப் பறிகொடுத்து அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வருசம் நான் சிரிக்காம இருந்தா உங்கண்ணன் வந்துருவாராடி? வருவாருன்னு சொல்லு, ஆயுசுக்கும் சிரிக்காம இருக்கேன்."

அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை இன்னொரு பேய்ப்படம் வருகிறது, அதற்கும் போவேன் என்றும் சொல்லி வைத்தேன்.

தெவசம் வருவதற்குள் ஆறு பேய்ப்படம் பார்த்துவிட்டேன். ஆறிலும் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டில், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்து தேம்பித் தேம்பி அழுதேன். அதை மட்டும் யாரும் தெருவில் போய்ச் சொல்லவில்லை.