சேறு மிதித்தறியாக் குடும்பம்

வெளிநாட்டில் போய்ப் பாடுவதற்குத் தொண்டை வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்டையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் காகிதம்தான்.

எங்கள் கிராமம் நன்னிலத்தை ஒட்டியது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அண்ணன் பத்து மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். அப்பா காலத்திலிருந்து எங்கள் கையில் இருக்கும் நிலம் அது. நடவுக்கும் களையெடுப்புக்கும் நானும் இறங்குவேன். மேடை கிடைத்தால் பாடுவேன். ஆர்மோனியக்காரர் ஒருவர் நடத்திய பாட்டுப் பார்ட்டியில் பத்து வருஷமாக இருந்தேன். மாரியம்மன் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதையும் விடமாட்டோம். கட்சிக் கூட்டத்தில் எங்கள் வேலை, தலைவர் வரும்வரை ஜனம் கலையாமல் பார்த்துக்கொள்வது. அவர் மூன்று மணி நேரம் தாமதமாக வருவார். கார் தெரிந்ததும் சரணத்தின் நடுவிலேயே மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். தமிழை வளர்க்கப் போகிற அவசரம் அவர்களுக்கு.

மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்துக் கோயில் ஒன்றில் திருவிழா. ஆர்மோனியக்காரருடைய சித்தப்பா மகன் அங்கே கமிட்டியில் இருந்தார். பார்ட்டியை அனுப்பச் சொல்லி அவரிடமிருந்து கடிதம் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு. எங்கள் பார்ட்டியில் எட்டுப் பேரும் அன்றைக்கே ஏறிவிட்ட மாதிரிதான் நடந்துகொண்டார்கள். தபேலாக்காரர் குளிர்கண்ணாடிகூட வாங்கிவிட்டார்.

நாகப்பட்டினத்தில் ஒரு ஏஜெண்ட் இருந்தார். அவர் கப்பலில் கால் வைத்ததே கிடையாது என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் உலகத்துச் சட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"மூணு வழி இருக்குங்க. விசிட்ல போலாம். சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம்னு சொல்லணும். மேடையேறிப் பாடுறது தெரிஞ்சா மறு கப்பல்லயே அனுப்பிருவான். வேல பெர்மிட்ல போலாம், ஓட்டல் சமையலுக்குன்னு. இல்லன்னா ஆர்ட்டிஸ்ட் பாஸ். அதான் முறையான வழி. ஆனா நீங்க நெசமாவே ஆர்ட்டிஸ்ட்டுதான்னு பேப்பர் வேணும்."

எங்கள் தபேலாக்காரர் வெந்நீரைத் தீய விடுகிற ஆள். அவரைச் சமையல்காரர் என்று நம்ப ஒரு அரசாங்கம் தயாராக இருந்தது. பத்து வருஷம் பாடியவளைப் பாடகி என்று நம்பத்தான் அதற்குக் கஷ்டமாக இருந்தது. காரணத்தையும் ஏஜெண்டே சொன்னார். "வெவசாய வேல தெரிஞ்ச ஆளுன்னா தோட்டத்துல பூந்து தங்கிடுவான்னு அவனுக்குப் பயம். நாத்து நட்டேன், கள எடுத்தேன்னு வாயத் தொறந்துராதீங்க."

முதலில் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு விசாரிக்க மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "பார்ட்டியில ஏதாவது இருக்கீங்களா?" என்றார்.

"பத்து வருஷமா இருக்கேங்க."

"மெம்பரா?"

"மெம்பர்தான். நாங்க எட்டுப் பேரு."

"கூட்டத்துக்கெல்லாம் போவீங்களோ?"

"கூட்டம் இல்லன்னா எங்களுக்கு ஏதுங்க பொழப்பு?"

மனிதர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். கூலி உயர்வு கேட்டு அறுவடையில் தகராறு நடந்து, தெருவுக்குத் தெரு செங்கொடி பறந்த நேரம் அது. என்ன பார்ட்டி என்று அவரும் கேட்கவில்லை, பாட்டுப் பார்ட்டி என்று நானும் சொல்லவில்லை. என் மனு கிடப்புக்குப் போனது. மற்ற ஏழு பேருக்கும் பாஸ்போர்ட் வந்தது.

"பெரிய மனுஷர் யாராச்சும் ஒரு லெட்டர் குடுத்தா சரியாயிடும்" என்றார் ஏஜெண்ட். "எந்தக் கட்சியும் இல்ல, பரம்பரை ஆர்ட்டிஸ்ட்டுன்னு எழுதி வாங்குங்க. போலீசுக்கும் ஆச்சு, பாசுக்கும் ஆச்சு."

எங்கள் ஊரில் பெரிய மனுஷர் ஒருவர்தான். மிராசுதார். நாங்கள் சாகுபடி செய்த நிலம் அவருடையது. புதுச் சட்டப்படி குத்தகைதாரராகத் தன் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி அண்ணன் தாலுகா ஆபீசில் மனுப் போட்டிருந்தார். பதிவாகிவிட்டால் அவ்வளவு லேசில் எங்களை வெளியேற்ற முடியாது. பதிவாகாவிட்டால் அடுத்த போகத்துக்கே வரப்பில் நிற்க வேண்டியதுதான்.

மிராசுதாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்சி மாறிய மறு மாதம் துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர். வாசல் பலகையில் இருந்த மிராசுதாரை அழித்துவிட்டுத் தமிழ்த்தொண்டன் என்று எழுதிக்கொண்டார். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, செத்துப்போன அத்தைமார் எல்லாரும் இவர் புண்ணியத்தில் நிலச்சுவான்தார்கள் ஆனார்கள். முன்பெல்லாம் என்னை "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர், அன்றைக்கு "வாங்க கலைச்செல்வி" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்டார். அவரே சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளை எழுதினார். மேடையில் பேசுவது மாதிரியே சொன்னார். "கன்னித் தமிழைக் கானத்தில் குழைத்துக் காவிரிக் கரையெங்கும் கமழச் செய்யும் கலைக் குடும்பம்" என்று ஆரம்பம். கட்சி சார்பற்றவர்கள், காலமெல்லாம் இசையே மூச்சாக வாழ்பவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்கக் கூச்சமாக இருந்தது. இனித்தது என்பதையும் மறைக்க மாட்டேன். நடுவில் ஒரு வரி வந்தது: "ஏர் தொட்டறியார், சேறு மிதித்தறியார், உழவுத் தொழிலோடு உறவேதும் இல்லார்."

அதற்கு முந்தின நாள்தான் நான் அவர் நிலத்தில் முழங்கால் சேற்றில் நின்று களை பறித்திருந்தேன்.

"ஐயா, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடலாங்களா?" என்றேன்.

சிரித்தார். "அந்த வரிக்குத்தாம்மா மத்த வரியெல்லாம். மலேசியாக்காரன் கேக்குறதே அதத்தான? ஒங்க ஏஜெண்டக் கேட்டுப் பாருங்க."

ஏஜெண்டைக் கேட்கவே வேண்டாம், அவரும் அதையேதான் சொல்வார். விசா வேண்டுமானால் நாங்கள் உழவர் இல்லை. நிலம் வேண்டுமானால் உழவர். இது எனக்குப் புரியாமல் இல்லை. இந்தக் காகிதம் பாஸ் கொடுக்கிற ஆபீசுக்குத்தானே போகிறது, தாலுகா ஆபீசுக்கு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "மேற்கண்டது உண்மை" என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது காப்பியிலும் போடச் சொன்னார். அதிலும் போட்டேன்.

சாயந்திரம் அண்ணன் வயலிலிருந்து வந்ததும் லெட்டரைப் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் படித்தேன். ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன்.

"இன்னொரு தடவ படி பாப்பா" என்றார். "நம்மள இவ்ளோ ஒசத்தியா யாரும் எழுதுனதில்ல. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்." இரண்டாம் தடவையும் அந்த வரியை விட்டேன். முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது.

லெட்டர் வேலை செய்தது. பாஸ்போர்ட்டும் வந்தது, பாஸும் வந்தது. கப்பலில் நாலு நாள் வாந்தி எடுத்தேன். அங்கே கமிட்டித் தலைவர் பேசிய பேச்சு எங்கள் ஊர்த் தலைவர்களை விட நீளம். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அந்த மேடையில் யாரும் மைக்கைப் பிடுங்கவில்லை. பாட்டை முழுசாகப் பாடி முடித்தேன். அங்கே இருந்த பன்னிரண்டு நாளும் அண்ணனை நினைக்கவே இல்லை.

திரும்பி வந்த மாதத்தில் தாலுகா ஆபீசில் அண்ணனுடைய மனுவுக்கு விசாரணை வைத்தார்கள். அண்ணன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் எங்களுக்குச் சாட்சி சொன்னார்கள். தாசில்தாரும் தலையாட்டிக் கேட்டார். பிறகு மிராசுதாரின் வக்கீல் எழுந்து அந்த லெட்டரை எடுத்தார். ரெண்டாவது காப்பி. கன்னித் தமிழிலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் படித்தார். ஏர் தொட்டறியார் என்ற இடத்தில் நிறுத்தினார். சேறு மிதித்தறியார் என்ற இடத்தில் அண்ணனுடைய காலைப் பார்த்தார். தெரிந்த பாட்டைக் கேட்பது மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், அந்த வரியில்தான் தலை நிமிர்ந்தார். மிராசுதார் விசிறிக்கொண்டிருந்தார்.

தாசில்தார் கெட்டவர் இல்லை. "ஏம்ப்பா, இது ஒனக்குத் தெரியாமப் போட்ட கையெழுத்தா?" என்று அண்ணனைக் கேட்டார். "தெரியாதுன்னா சொல்லிடு, இந்தக் காயிதத்த நான் எடுத்துக்க மாட்டேன். ஆனா பொய் எழுதிக் குடுத்துக் கப்பல் ஏறுனதுக்கு ஒன் தங்கச்சிதான் பதில் சொல்லணும். இதப் படிச்சுக் காட்டுச்சா, இல்லியா?"

நான் வாயைத் திறந்திருக்கலாம். மூன்று தாலுகாவில் மைக் பிடித்த வாய்தான் அது. திறக்கவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "படிச்சுதுங்க" என்றார். "ரெண்டு தடவ படிச்சுது. எல்லா வரியும் படிச்சுது."